67 முட்டைகளும் 31 முட்டைகளும்: யேமன் பச்சோந்தி இனப்பெருக்கக் குறிப்புகள்

இந்தக் கிழமை கடைசி இரண்டு குஞ்சுகளும் புதிய வீடுகளுக்குப் போய்விட்டன. அவை இருந்த பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, 2021 முதல் எழுதிவரும் குறிப்பேட்டைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். அதில் இரண்டு பெண் பச்சோந்திகளின் கணக்கு இருக்கிறது. முதலாவது 67 முட்டைகளைச் சுமந்து, அவற்றை வெளியேற்ற முடியாமல் இறந்தது. இரண்டாவது 31 முட்டைகளை மணலுக்குள் இட்டு மூடிவிட்டு, மறுநாள் காலையில் என் கையிலிருந்து புழு வாங்கித் தின்றது. இரண்டுக்கும் நடுவில் எதை மாற்றினேன், எங்கே மறுபடியும் தவறினேன் என்பதைப் படிமுறையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வளர்ப்பது யேமன் பச்சோந்தி. யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் இயற்கையாக வாழும் இனம் இது. தலையில் உயர்ந்த கொண்டை இருப்பதால் வட அமெரிக்காவில் வெய்ல்டு கமீலியன் என்பார்கள். கூண்டில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டு வருவதால், காட்டிலிருந்து பிடிக்காத விலங்கை வாங்குவது இங்கே கனடாவில் எளிது. இதைப் படிக்கும் தமிழகத்து, ஈழத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் ஊர்களின் வறண்ட காடுகளில் வாழும் பச்சோந்தி வேறு இனம். இந்தியாவில் அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது; அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இந்தக் குறிப்புகளை அதன்மேல் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

முதல் பெண்ணை 2021 வசந்தகாலத்தில், மூன்று மாதக் குட்டியாக, ஸ்காபரோவில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விலை 90 டொலர். அது பசியோடு தின்பதைப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்ததால், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் பூச்சிகளைக் கொடுத்தேன். வெயில் காயும் கிளையில் வெப்பம் 33 பாகை செல்சியஸ் இருந்தது. வேகமாக வளர்ந்தது, நல்ல பச்சை நிறம், ஒரு குறையும் தெரியவில்லை. பெண் யேமன் பச்சோந்தி, தனக்குக் கிடைக்கும் மிகையான தீனியையும் வெப்பத்தையும் முட்டைகளாக மாற்றிவிடும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. அதற்கு ஆண் துணைகூடத் தேவையில்லை. கோழி கூமுட்டை இடுவதைப் போல இதுவும் கருக்கட்டாத முட்டைகளைச் சுமக்கும்.

2021 டிசம்பரில், ஓர் ஆணையும் கண்ணால் பார்த்திராத அந்தப் பெண்ணின் வயிறு பருத்தது. எடை 168 கிராம். 20 சென்றிமீற்றர் உயரமான பூந்தொட்டி ஒன்றில் பூச்செடி மண்ணை நிரப்பி உள்ளே வைத்தேன். அது இறங்கித் தோண்டியது; அடித்தட்டில் நகம் பட்டதும் நிறுத்தியது; வேறு மூலையில் தோண்டியது; மறுபடியும் நிறுத்தியது. நானோ மணிக்கொருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அது கூண்டின் தரையில், பட்டப்பகலில், கண்களை மூடிக் கிடந்தது. பகலில் கண்மூடிக் கிடக்கும் பச்சோந்தி பெரும்பாலும் நோயுற்ற பச்சோந்தி. அன்று மாலையே ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் ஓடினேன். எக்ஸ்ரே படத்தில் வயிறு முழுவதும் மெல்லிய ஓட்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இரத்தத்தில் கல்சியம் மிகவும் குறைந்திருந்தது; தசை சுருங்கி முட்டையைத் தள்ளுவதற்கே கல்சியம் வேண்டும். முதலில் திரவமும் கல்சியமும் ஊசிமூலம் கொடுத்து, பிறகு முட்டையைத் தள்ளத் தூண்டும் ஒக்ஸிடோசின் மருந்து கொடுத்தார்கள். இரவுக்குள் 11 முட்டைகள் வெளிவந்தன. மிச்சம் 56 முட்டைகளைச் சத்திரசிகிச்சையில் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அது இறந்தது. வைத்தியச் செலவு எல்லாமாக 1,960 டொலர். மருத்துவர்கள் தங்களால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள். அந்த விலங்கு அவர்களிடம் போவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே என் தீனித் தட்டில் அதன் முடிவு எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். தீனியும் வெப்பமும் அளவுக்கு மிஞ்சியவை. மண்தொட்டி ஆழமற்றது. நான் வைத்திருந்த, யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் சுருள் வடிவ மின்குமிழ் 14 மாதம் பழையது. வெளிச்சம் வந்துகொண்டிருந்ததால் வேலை செய்கிறது என்று நம்பியிருந்தேன். கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே யூவிபி கதிர் மங்கிப்போகும். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் விற்றமின் டி3 உருவாகாது. அது இல்லாவிட்டால் தீனியில் தூவும் கல்சியம் உடம்பில் சேராது. கடைசிக் காரணத்தைச் சொன்னவர் அம்மா. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அடை வைச்ச கோழியை ஆரும் போய்ப் போய்ப் பார்க்கிறதில்லை, தம்பி. கடகத்தை இருட்டு மூலையில வைச்சுப்போட்டு இருந்தால் அது தன்ர வேலையைப் பார்க்கும்" என்றார். முட்டையிட இடம் தேடும் பெண் பச்சோந்தி, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் தோண்டுவதைக் கைவிட்டுவிடும் என்று அதன்பிறகு அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்லக் கேட்டேன். அம்மா சொன்னதும் அதுவே.

இரண்டாவது பெண்ணை 2022 ஒக்டோபரில், இரண்டு மாதக் குட்டியாக வாங்கினேன். இம்முறை பணத்தின் பெரும்பகுதி விளக்குக்குப் போனது. நீளக் குழல் வடிவ ரி5 விளக்கு, அதன் தாங்கியோடு 133 டொலர். யூவி குறியீட்டை, அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையை, அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவியை மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினோம். என் பங்கு 120 டொலர். குழலுக்கும் முதுகுக்கும் இடையே 22 சென்றிமீற்றர் இருக்கும்படி கிளையைக் கட்டியபோது அளவி 3.0 காட்டியது. அதுதான் எனக்கு வேண்டிய அளவு. அந்தக் கருவி இல்லாமல் செய்ததெல்லாம் ஊகம் என்பதை அதைக் கையில் பிடித்த முதல் நாளே உணர்ந்தேன்.

ஆறு மாதம்வரை வளரும் குட்டிக்கு வேண்டிய அளவு தினமும் தீனி கொடுத்தேன். அதன்பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒன்றுவிட்ட ஒருநாள் நான்கு கிரிக்கெட் பூச்சிகள், வெயில் காயும் கிளையில் 27 பாகை என்ற கணக்கில் நிறுத்தினேன். இரவில் அறையின் வெப்பம் 18 பாகைக்கு இறங்கும். முதல் இரண்டு கிழமையும் அது கண்ணாடிக் கதவருகே வந்து நின்று என்னையே பார்க்கும். மனம் இளகி மேலதிகமாக ஒரு பூச்சி போட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வேளையின் தீனியையும் ஞாயிற்றுக்கிழமையே எண்ணிச் சிறு போத்தல்களில் பிரித்து வைத்துவிடுவேன். வெறும் கல்சியப் பொடி ஒவ்வொரு வேளையும். டி3, விற்றமின் ஏ கலந்த பொடி மாதம் இருமுறை. பூச்சிகளுக்கும் கீரை, கரட், தோடம்பழம் என்று நல்ல உணவு கொடுத்துத்தான் பச்சோந்திக்குக் கொடுத்தேன். கிழமைக்கொருமுறை சமையலறைத் தராசு போன்ற சிறு மின்தராசில் எடை. (சமையலறைத் தராசையே பயன்படுத்தாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.) பதினைந்தாம் மாதத்தில் எடை 102 கிராமில் நிலைத்து நின்றது, அதுவரை ஒரு முட்டையும் உருவாகவில்லை.

ஈரப்பதன் தனிக்கதை. இங்கே ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் காற்றினால் அறையின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதற்குப் பயந்து, 2023 குளிர்காலத் தொடக்கத்தில் புதிதாக வந்த ஆண் பச்சோந்திக்கு நாளொன்றுக்கு ஆறுமுறை நீர் தூவினேன்; ஈரம் ஓடிவிடாதபடி கூண்டின் மூன்று பக்கத்தையும் பிளாஸ்ரிக் தாளால் மூடியும் விட்டேன். மூன்றாம் கிழமையில் அது வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி மூச்சுவிட்டது. மூக்கோரம் சிறு குமிழ்கள். சுவாசத் தொற்று. பத்து நாள் மருந்து கொடுத்துக் குணமாக்கினேன். காற்றோட்டமில்லாத ஈரம்தான் அதை வருத்தியது. இப்போது நீர் தூவுவது விளக்கு எரிவதற்கு முன் ஒருமுறை, அணைந்தபின் ஒருமுறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். நள்ளிரவு தாண்டி ஒன்று முதல் ஐந்து மணிவரை மூடுபனிக் கருவி ஓடும். பகலில் கூண்டு முற்றாகக் காயவேண்டும். அவற்றின் மலைப்பகுதியிலும் ஈரம் இரவுக்குரியது, வறட்சி பகலுக்குரியது. போதிய நீர் கிடைக்கிறதா என்பதைக் கழிவைப் பார்த்து அறியலாம்: மலத்தோடு வரும் யூரேட் (சிறுநீரின் திடப்பகுதி) கட்டி வெள்ளையாக இருந்தால் நன்று; செம்மஞ்சளாகக் கடினமாக வந்தால், கண்குழியும் தலைக்கொண்டையின் பக்கங்களும் ஒட்டினால், நீர் போதவில்லை.

அந்த ஆணைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். வளர்க்க முடியாமல் கைவிட்ட ஒரு குடும்பத்திடமிருந்து, இரண்டு வயதில், விலையில்லாமல் வந்தது. வேறு அறையில் 90 நாள் தனியாக வைத்தேன். இரண்டின் மலத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்தபோது (தலா 45 டொலர்) பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆணுக்குக் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தது. வெளியில் ஒரு நோய்க்குறியும் இல்லாத, நன்றாகத் தின்னும் ஆண் அது. பரிசோதிக்காமல் சேர்த்து வைத்திருந்தால் சினைப்பெண்ணுக்கும் தொற்றி, குஞ்சுகள் வளரும் அறைக்குள்ளும் அது நுழைந்திருக்கும். வைத்தியர் போனஸுரில் கொடுத்தார். மருந்தைவிடக் கூண்டைச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது, ஏனென்றால் இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகளைச் சாதாரண பிளீச் கொல்லாது. கிளைகளையும் செடிகளையும் எறிந்துவிட்டு, கூண்டுச் சட்டங்களைக் கொதிநீராவிக் கருவியால் மூலை மூலையாகச் சுட்டேன். சிகிச்சைக் காலம் முழுவதும் தரையில் வெறும் காகிதம் விரித்து, மலம் விழுந்தவுடன் எடுத்தேன். நான் திட்டமிட்டிருந்த இணைசேர்ப்பு, அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகள் சுத்தமாக வரும்வரை, பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. காத்திருந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜனவரி கடைசியில் நான் அவசரப்பட்டு ஒருமுறை பெண்ணை ஆணின் கூண்டில் விட்டேன். அது உடனே கறுத்து, வாயைப் பிளந்து சீறியது. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டபோதும் விலாவில் ஒரு கடிகாயம் பட்டது. மருந்து போட்டு ஒன்பது நாளில் ஆறியது. பெண் இசைவாக இருக்கும்போது உடம்பில் வான்நீலப் புள்ளிகள் மெல்லப் பூக்கும்; ஆணைக் கண்டும் கறுக்காது, சீறாது, மெல்ல நடந்து விலகும். பெப்ரவரி 10ஆம் திகதி அந்த நிறம் வந்தது. அன்று சேர்த்தேன், இருபது நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் மாலை, பெண் கரும்பச்சையாகி, மேலே மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெறித்த சினைக்கோலம் காட்டியது. அதன்பிறகு ஆணின் கண்ணில் படவே விடவில்லை. சினைக்காலத்தில் தீனியை ஒன்றுவிட்ட ஒருநாள் ஆறு பூச்சிகளாக மட்டும் உயர்த்தினேன். கிளை வெப்பம் 28 பாகை.

முட்டையிடும் தொட்டிதான் இம்முறை நான் மிகக் கவனம் செலுத்திய பொருள். 45 சென்றிமீற்றர் நீளம், 35 அகலம், 40 ஆழம் உள்ள, ஒளி ஊடுருவாத பிளாஸ்ரிக் தொட்டி, 18 டொலர். சிறுவர் விளையாடும் மணல், மூட்டை 7 டொலர். மணலை நீர் தெளியும்வரை நான்குமுறை கழுவி, 30 சென்றிமீற்றர் உயரத்துக்கு நிரப்பி அழுத்தினேன். விரலை விட்டுச் சுரங்கம்போல் தோண்டினால் அது இடியாமல் நிற்கவேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. அந்த ஈரம் பிடிபட மூன்று நாள் ஆனது. தொட்டியை இணைசேர்ப்புக்கு முன்பே உள்ளே வைத்துவிட்டேன், அப்போதுதான் பெண்ணுக்கு அது பழகிய இடமாக இருக்கும். இணைசேர்ந்த 24ஆம் நாள் தீனியை மறுத்து, தரையில் நடமாடத் தொடங்கியது. அன்றே கூண்டின் நான்கு பக்கத்தையும் பழைய படுக்கை விரிப்பால் மூடி, ஒரு பழைய கைபேசியைக் கமராவாக உள்ளே பொருத்தினேன். பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை.

அப்படியும் ஒரு பிழை நேர்ந்தது. 26ஆம் நாள் அது தோண்டிய முதல் குழி, முக்கால் ஆழத்தில் சரிந்து மூடிக்கொண்டது. மேலே இருந்த விளக்கின் வெப்பம் மணலின் மேல் ஐந்து சென்றிமீற்றரைக் காயவைத்துவிட்டதை நான் கவனித்திருக்கவில்லை. பெண் மேலேறிக் கிளையில் ஒதுங்கியது. பழைய பெண்ணின் நினைவு வந்து அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. விளக்கு அணைந்து ஒரு மணிநேரம் கழித்து, இருட்டில், சத்தமில்லாமல் போய், தொட்டியின் ஓரங்களில் மட்டும் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் நண்பகலில் மறுபடி தோண்டத் தொடங்கியது. வால் நுனி மட்டும் வெளியே தெரிய, அந்தக் குழிக்குள்ளேயே இரவு முழுவதும் இருந்தது. மார்ச் 9ஆம் திகதி காலையில் திரையில் பார்த்தபோது, தலை வெளியே தெரிய, பின்னங்கால்களால் மணலை இழுத்து மூடிக்கொண்டிருந்தது. மூடி முடித்து, மேலே மிதித்து இறுக்கி, தானாகக் கிளையேறும்வரை விரிப்பை நான் விலக்கவில்லை.

முட்டையிடுவதற்கு முன் 139 கிராம் இருந்த எடை, முட்டையிட்டபின் 96 கிராம். வேறொருவர் இதைச் செய்யும்போதும் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைக்கவேண்டும்; குறைந்த எடையையும் முட்டைகளின் மொத்த எடையையும் ஒப்பிட்டால் உள்ளே முட்டைகள் தங்கிவிட்டனவா என்று ஓரளவு தெரியும். என் 31 முட்டைகளும் 40 கிராம் இருந்தன, கணக்குப் பொருந்தியது. நாற்பது நிமிடம் மென்மையாக நீர் தூவினேன், நெடுநேரம் குடித்தது. நான்கு நாள் வயிறாரத் தீனி, பிறகு பழைய அளவு.

முட்டைகளை எடுக்கும்போது புரட்டக்கூடாது. மணலைத் தேநீர்க் கரண்டியால் விலக்கி, ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் மென்மையான பென்சிலால் புள்ளி வைத்து, இருந்தபடியே எடுத்து, பெர்லைட் (ஈரம் பிடிக்கும் இலேசான வெள்ளைக் கல்துகள்) நிரப்பிய இரண்டு பெட்டிகளில் பாதி புதையும்படி வைத்தேன். 100 கிராம் பெர்லைட்டுக்கு 80 கிராம் நீர். மூடியில் மூன்று ஊசித்துளைகள். ஒவ்வொரு பெட்டியின் மொத்த எடையையும் மூடியில் எழுதி, இரண்டு கிழமைக்கொருமுறை நிறுத்து, குறைந்த அளவு நீரை மட்டும் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் மாதத்தில் இரண்டு முட்டைகள் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கின. அவை கருக்கட்டாதவை என்று எடுத்தெறிந்தேன்.

அடைகாக்கும் பெட்டியில் நான் செய்த பிழை மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. வெப்ப விரிப்போடு இணைந்த கட்டுப்படுத்தியின் உணரியை, முட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே காற்றில் தொங்கவிட்டிருந்தேன். இன்னொன்றையும் யோசிக்கவில்லை: சூடாக்கும் கருவிக்குக் குளிர்விக்கத் தெரியாது. ஜூன் மாத வெப்ப அலையில் மேல்மாடி அறை சூடேறி, ஒரு மாலை வேலையிலிருந்து வந்து பார்த்தபோது முட்டைப் பெட்டிக்குள் 31 பாகை இருந்தது. அடுத்த கிழமையில் மூன்று முட்டைகள் மஞ்சளித்துக் குழிந்தன. உடனே இரண்டு பெட்டிகளையும் நிலக்கீழ் அறைக்கு மாற்றினேன். அங்கே கருவி எதுவுமில்லாமலே வெப்பம் 24க்கும் 25க்கும் இடையில் நின்றது. அடுத்தமுறை முதல் நாளிலிருந்தே அங்கேதான் வைப்பேன். விரிப்புக்கும் கட்டுப்படுத்திக்கும் செலவிட்ட 70 டொலர் தேவையில்லாத செலவு.

முட்டையிட்ட 214ஆம் நாள், ஒக்டோபர் 9ஆம் திகதி, முட்டைகள் வியர்த்தன. ஓட்டின்மேல் முத்து முத்தாக நீர்த்துளிகள். மறுநாள் நட்சத்திர வடிவில் ஒரு கீறல். அதில் ஒரு சிறிய மூக்கு. அந்த நிலையிலேயே சில குஞ்சுகள் ஒருநாள் முழுவதும் இளைப்பாறும். முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சட்கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரம் அது; கை வைத்து உதவினால் கெடுதல்தான். ஆறு நாளில் 24 குஞ்சுகள் வெளிவந்தன. இரண்டு, முழுதாக உருவாகி ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. ஒன்று மஞ்சட்கரு வெளியே தொங்கப் பிறந்து, ஈரக் காகிதத்தில் தனியாக வைத்தும் மறுநாள் இறந்தது. யேமன் பச்சோந்தியில் ஆணா பெண்ணா என்று பிறந்த அன்றே சொல்லிவிடலாம்: ஆணுக்குப் பின்னங்காலின் குதியில் சிறு முள் இருக்கும். 23இல் 12 ஆண்கள்.

எட்டுக் குஞ்சுகளுக்கு ஒரு பெட்டி என்று மூன்று பெட்டிகளில் வைத்தேன். இரண்டு கிழமைக்குள் இரண்டு குஞ்சுகள் இறந்தன. இரண்டும் மிகச் சிறியவை. பெரிய குஞ்சுகள் மேற்கிளைகளைப் பிடித்துக்கொண்டதால் அவை கீழேயே ஒதுங்கி, போதிய நீர் குடிக்காமல் வற்றிப்போயின. பெட்டியை மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் தின்பதுபோல்தான் தோன்றும். அன்றிலிருந்து ஒவ்வொன்றின் முதுகையும் புகைப்படம் எடுத்து இலக்கமிட்டு, காலையில் தின்றதா குடித்ததா என்று தனித்தனியாகக் குறித்தேன். பெட்டிக்கு நான்காகக் குறைத்தேன்.

அதைவிடப் பெரிய பிழை மூடியில் இருந்தது. முதல் தீனியான பழ ஈக்கள் தப்பாமலிருக்க, பெட்டிகளின் மேலே கொசுவலை போன்ற நெருக்கமான வலையை இரட்டையாகப் போட்டிருந்தேன். விளக்கு புதிது, தூரம் சரி என்ற நம்பிக்கையில் கருவியை எடுத்து அளக்கவில்லை. ஐந்தாம் கிழமையில் இரண்டு குஞ்சுகளின் நாக்கு இரையை எட்டாமல் குறுகி விழுந்தது. கிளையைப் பிடித்த கை நடுங்கியது. ஒன்றின் முன்கை வில்லாக வளைந்திருந்தது. எலும்பு மெலியும் நோய். நண்பரிடமிருந்து கருவியை வாங்கி வந்து அளந்தபோது, வலைக்குக் கீழே குஞ்சுகள் இருந்த கிளையில் குறியீடு 0.7தான். வலையை ஒற்றையாக்கிக் கிளைகளை உயர்த்தி 2.5க்குக் கொண்டுவந்தேன். வைத்தியரின் சொற்படி இரண்டுக்கும் திரவக் கல்சியம் வாய்வழி கொடுத்தேன். ஒன்று ஆறு கிழமையில் தேறியது. முன்கையில் சிறு வளைவு மட்டும் நிலைத்துவிட்டது. மற்றதன் தாடை மென்மையாகி, தின்னவே முடியாத நிலைக்கு வந்தபோது, வலியின்றி உறங்கவைக்கும்படி வைத்தியரிடம் ஒப்படைத்தேன். அந்த இறப்புக்கு முழுப்பொறுப்பும் என்னுடையது. வலை, கண்ணாடி, தாள் என எதை மாற்றினாலும் அதன் கீழே மறுபடி அளக்காமல் விலங்கை வைப்பதில்லை என்பது இப்போது என் வீட்டு விதி.

தராசு விடயத்துக்கு வருகிறேன். நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சல்மனெல்லா கிருமியைக் குடலில் சுமந்திருக்கலாம். அது மனிதருக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்தானது. அக்காவின் மகளுக்கு மூன்று வயது. ஆகவே பச்சோந்திகளுக்கென்று தனித் தராசு, தனி வாளி, தனித் துவாய். கூண்டுப் பொருள்கள் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. ஒவ்வொருமுறை தொட்டபின்பும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல். மருமகள் கதவோரத்தில் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. அவள் முதலில் அழுதாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

மூன்றரை மாதத்தில் 20 குஞ்சுகள் எஞ்சின. வாங்க வந்தவர்களிடம் முதலில் யூவிபி குழலின் படத்தையும் கூண்டின் அளவையும் கேட்டேன். பெண் குஞ்சை எடுத்தவர்கள் எல்லோருக்கும் தீனி அட்டவணையை எழுதிக் கொடுத்து, மண்தொட்டி வைப்பதாக ஒப்புக்கொண்டபின்பே கொடுத்தேன். 2024 பெப்ரவரி முதல் இன்றுவரை தீனி, மின்சாரம் தவிர்த்து 1,140 டொலர் செலவு. குஞ்சுகளால் வந்தது 1,500 டொலர். தீனியையும் சேர்த்தால் நட்டம்தான். வருமானத்துக்காக இதைத் தொடங்க நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெண் பச்சோந்தி ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். மறுபடி ஆணைக் காட்டாமலே, 2024 ஓகஸ்ட்டில் அது இன்னொருமுறை 24 முட்டைகளை இட்டது. அவற்றுக்கும் நல்ல வீடுகள் கிடைக்கும் என்ற உறுதி எனக்கு இல்லாததால், இட்ட அன்றே, கரு மேலும் வளர்வதற்கு முன், உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதைச் செய்யும்போது மனம் கனத்தது. ஆனாலும் இன்று கேட்டாலும் அதையே செய்வேன். அந்தப் பெண்ணுக்கு இந்த ஆண்டு இணைசேர்ப்பு இல்லை. ஒன்றுவிட்ட ஒருநாள் மூன்று பூச்சிகள், 26 பாகை. நேற்றைய எடை 101 கிராம். மணல்தொட்டி எப்போதும் உள்ளேயே இருக்கிறது. இன்று மாலை மேல்மணலைக் கிளறிப் பார்த்தேன், இரண்டு விரற்கடை காய்ந்திருந்தது. விளக்கு அணைந்ததும் ஓரமாக நீர் ஊற்றவேண்டும்.